கட்டியவர்களும் நடத்தியவர்களும்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

வியாழக்கிழமை, யாழ் நகரம்

வேலை செய்யும் இடத்தில் நாங்கள் சில நண்பர்கள் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்து வந்த பணம் ஓரளவு திரண்டிருக்கிறது. வடக்கில் ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தக் காரியம் என்பதில்தான் ஆளுக்கொரு எண்ணம். ஒருவர் பாடசாலைக்கு வகுப்பறை என்கிறார், இன்னொருவர் கோயிலுக்கு மண்டபம் என்கிறார். நேரில் போய், இந்த மண்ணில் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள், கொடுத்தது இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்து வருகிறேன் எனச் சொல்லி, கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினேன். பார்த்ததை அன்றன்றே எழுதிவிட உத்தேசம்.

முதலில் போனது பொது நூலகத்துக்கு. வெள்ளைக் கட்டடத்தையும் வாசலில் இருக்கும் சரஸ்வதி சிலையையும் படம் எடுக்கிறவர்கள் எப்போதும் நிற்கிறார்கள். அரசாங்கம் எழுப்பித் தந்த கட்டடம் என்று நினைக்கும் இளையவர்கள் பலர். இதன் தொடக்கம் க. மு. செல்லப்பா என்ற ஒருவரின் வீடு. 1933இல் தன்னிடம் இருந்த புத்தகங்களைத் தன் வீட்டிலேயே ஊராருக்கு வாசிக்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1934 ஆகஸ்டில், ஊர்ப் பெரியவர்கள் குழுவாகச் சேர்ந்து ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் அதை நூலகமாக ஆக்கினார்கள். மேசை, வாங்கு, சில நூறு புத்தகங்கள், பத்திரிகைகள். அவ்வளவுதான் முதல்.

பெரிய கட்டடத்துக்கு 1953இல் அடிக்கல் நாட்டினார்கள். களியாட்ட விழா வைத்தும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றும் சனங்களிடம் பணம் சேர்த்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளார் இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தார். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வந்து வரைபடம் தந்தார். நூலகத்துறையில் பெரிய பெயரான எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959இல் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கி அது எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. அந்த நூல்களில் எத்தனை வீடுகளின் அலுமாரிகளிலிருந்து வந்த அன்பளிப்புகள் இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. ஏட்டுச் சுவடிகள் உட்பட, தங்கள் பரம்பரைச் சொத்தை “இங்கே இருந்தால் பத்திரம்” என்று நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

வாசிப்பு அறையில் ஒரு பெரியவர் பழைய பத்திரிகைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அருகில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். “இருங்கோ பிள்ளை, எல்லாருடைய இடமும்தானே” என்றார். செல்லப்பா தன் வீட்டுப் படலையைத் திறந்தபோது நினைத்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, வடமராட்சி

750ஆம் இலக்க பஸ்ஸில் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை. இறங்கி நடந்து தெருமூடி மடத்துக்குப் போனேன். பெயருக்கு ஏற்றபடி தெருவையே மூடி நிற்கும் மடம். இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணைகள், வரிசையாகக் கல்தூண்கள், மேலே கூரை, நடுவே வீதி. மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் மடத்துக்கு உள்ளால் ஓடுகின்றன. வெளியே வெயில் கொளுத்தியது. திண்ணையில் உட்கார்ந்தால் கல் குளிர்ந்திருந்தது. தூணின் கீழ்ப்பகுதி, எத்தனையோ முதுகுகள் சாய்ந்து சாய்ந்து, கையால் தடவினால் வழுக்குகிறது. மீன் விற்றுத் திரும்பும் ஒரு அம்மா வெறுங்கடகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெற்றிலை மடித்தார். யார் கட்டிய மடம் என்று அவரிடம் கேட்டேன். “ஆரோ புண்ணியவான். நிழல் இருக்குது, காணும்” என்றார்.

குடாநாட்டின் பழைய வீதிகளில் இத்தகைய தருமங்கள் கூட்டாகவே இருக்கும். வழிப்போக்கருக்கு மடம், பக்கத்தில் கிணறு, மாடுகள் இறங்கிக் குடிக்கக் கேணி, தினவெடுத்தால் உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றச் சுமைதாங்கி. சுமைதாங்கி என்பது இரண்டு நிறுத்திய கற்களும் குறுக்கே ஒரு கல்லும்தான். ஆனால் அதை எழுப்பிய வீட்டின் கதை பெரும்பாலும் ஒன்றே: வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை ஊரார் இறக்கி வைக்கட்டும் என்று அவள் வீட்டார் நட்ட கல் அது. கொடைக்கு உந்துதல் என்ன என்று எங்கெங்கோ தேடுகிறோம். துக்கத்தை இன்னொருவருக்குப் பயன்படும் பொருளாக மாற்றத் தெரிந்த சனம் இங்கே இருந்திருக்கிறது. இதைவிடத் தெளிவான பதில் இந்தப் பயணத்தில் கிடைக்குமோ தெரியாது.

மதியம் வல்வெட்டித்துறை தாண்டித் தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்று அழைப்பது சும்மா இல்லை. கோயிலைச் சுற்றி மடங்கள், மடங்களில் பந்தி. வெள்ளிக்கிழமை என்பதால் சனம் நிறைந்திருந்தது. நான் உட்கார்ந்த பந்தியில் எனக்கு இடப்புறம் ஒரு கட்டட வேலைக்காரர், வலப்புறம் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை, கடைசியில் பாயசம். பரிமாறியவர் கையில் அகப்பையோடு “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். அன்றைய சமையலுக்கான செலவு அந்தக் கனடாக் குடும்பத்துடையது என்பது கைகழுவும்போதுதான் தெரிந்தது. தாயாரின் ஆட்டைத் திவசம். அறிவிப்பும் இல்லை, பதாகையும் இல்லை. மகனானவர் எல்லாரும் எழும்பிய பிறகு மற்றவர்களுடைய இலைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

சந்நிதியான் ஆச்சிரமத்தையும் பார்த்தேன். மோகனதாஸ் சுவாமிகளின் வழிகாட்டலில் நடப்பது. அன்னதானத்தோடு நிற்பதில்லை, படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவி, நோயாளருக்கு உதவி, மாதந்தோறும் ‘ஞானச்சுடர்’ இதழ் என்று வேலை விரிகிறது. கொடுப்பவரையும் தேவையுள்ளவரையும் தெரிந்த ஒருவர் நடுவில் இருப்பதால்தான் இது ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் இல்லை என்று தெரியாது. இங்கே இருப்பவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை, வண்ணார்பண்ணையும் நல்லூரும்

சைவப்பிரகாச வித்தியாசாலை இருக்கும் வண்ணார்பண்ணையில் காலை நடந்தேன். ஆறுமுக நாவலர் இதை 1848இல் தொடங்கியபோது, மெதடிஸ்ட் பாடசாலையில் தனக்கிருந்த சம்பள உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தார். பணக்காரர் இல்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களிடம் கேட்டார். கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. 1876, 77ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்துப் பஞ்சமும் வாந்திபேதியும் வந்தபோது, உள்ளவர்களிடம் வாங்கிக் கஞ்சித் தொட்டி அமைத்து ஏழைகளுக்கு ஊற்றினார். பஞ்சத்தைக் கவனிக்கவில்லை என்று அரசாங்க அதிபராக இருந்த துவைனத்தைக் கண்டித்தும் எழுதினார். ஒரு கையால் கஞ்சி ஊற்றிக்கொண்டே, ஊற்ற வேண்டி வந்தது ஏன் என்றும் கேட்டவர் அவர். இன்றைய அறக்கட்டளைகள் பலவற்றில் அந்த இரண்டாவது பாதியை நான் காண்பதில்லை, காண ஆசைப்படுகிறேன்.

நாவலர் வழியில் வந்தது 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம். ‘இந்து போர்ட்’ இராசரத்தினம் என்று அறியப்பட்ட வழக்கறிஞர் சு. இராசரத்தினம் அதன் முதுகெலும்பு. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளையும், திருநெல்வேலியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தையும் சங்கம் நடத்தியது. அந்தக் காலத்து வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். கிழமைக்கு ஒருமுறை அது தருமத்துக்குப் போகும். என் அம்மம்மாவின் குசினியில் அந்தப் பானையை நான் கண்டிருக்கிறேன். பொருட்செல்வம் குறைந்தவர்கள் கொடுத்தது அது. ஆனால் ஒரு கிழமையும் தவறாமல் கொடுத்தது.

மாலை நல்லூர். அருச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபா. 2021இல் மறைந்த குமாரதாஸ் மாப்பாண முதலியார் பல பத்தாண்டுகள் கோயிலை நிர்வகித்தபோதும் அந்த ஒரு ரூபாவை உயர்த்தவில்லை. நேரம் தவறாத பூசை, அழுக்கில்லாத வீதி, உபயகாரர் பெயரை ஒலிபெருக்கியில் அடுக்காத ஒழுங்கு. ஏழையும் பணக்காரனும் ஒரே சீட்டோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதையும் நான் கொடை என்றே எண்ணுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மருதனார்மடமும் தெல்லிப்பழையும்

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்தில் இறங்கினால் இராமநாதன் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்காக 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியை அமைத்தார். 1974இல் அந்த வளவில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. பெரும் செல்வர், சட்டசபையில் முழங்கியவர், அவரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எனக்கு அங்கே நின்றபோது அதிகம் நினைவுக்கு வந்தவர் அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார். அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். சைவத்தைத் தன் நெறியாக எடுத்துக்கொண்டு, 1930இல் கணவர் மறைந்த பிறகும் இந்தப் பிள்ளைகளோடேயே நின்று கல்லூரிப் பொறுப்பைச் சுமந்தார். இராமநாதன் கட்டியது நிலைத்ததற்கு அவருடைய அன்றாட உழைப்பு ஒரு காரணம் என்பது என் துணிபு. கல்வெட்டு எப்போதும் கட்டியவரைச் சொல்கிறது. நடத்தியவரைத் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து தெல்லிப்பழை துர்க்கையம்மன் கோயில். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரின் ஊழியத்தால் வளர்ந்த இடம். ஆசிரியையாக இருந்தவர். மேடைதோறும் போய்ச் சொற்பொழிவு ஆற்றுவார். அந்தப் பேச்சை நம்பித்தான் சனம் உண்டியலில் போட்டது. அப்படி வந்ததைக் கொண்டு துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்து, பெற்றாரை இழந்த பெண்பிள்ளைகளுக்குத் தாயானார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் தொடங்கி, 2008இல் மறையும் வரை அதே வேலை. கோயில் வருமானம் கோயிலுக்குள்ளேயே சுழலக் கூடாது, பசித்த பிள்ளையிடம் போக வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். வாசலில் பூ விற்கும் அக்கா ஒருவர் தானும் அம்மாவிடம் வளர்ந்தவள் என்றார். “அம்மா ஏசுவா. ஏசிப்போட்டுச் சாப்பிட்டியா என்று கேட்பா.” அதைச் சொல்லும்போது கை பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை.

கோயிலுக்குத் தூரமில்லை தெல்லிப்பழை வைத்தியசாலை. அதன் புற்றுநோய்ப் பிரிவு எழுந்த விதத்தை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காது. 2011இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவரும் முன்னின்று, தெற்கு முனையான தெவுந்தரையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்தார்கள். 27 நாள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். சிங்களக் கிராமங்களில் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்த காசு வடக்கின் நோயாளருக்கு வந்தது. 2016இல் பருத்தித்துறையில் தொடங்கித் தெவுந்தரைக்கு மறுபடி நடந்தார்கள், இம்முறை காலியில் கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. போன கடனுக்குப் பதில் கடன் போல இல்லாமல், ஒரு வீட்டின் இரு அறைகளுக்கு இடையே பண்டம் பரிமாறுவது போல அது நடந்தது. யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவர் கதிர்ச் சிகிச்சைக்காகக் கொழும்புப் பக்கம் மகரகமைக்கு அலைந்த நாட்களை அறிந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டடத்தின் பெறுமதி முழுதாகத் தெரியும். என் பெரியம்மா அப்படி அலைந்தவர்.

திங்கட்கிழமை, நகரமும் நாவற்குழியும்

இன்று பார்த்ததுதான் என் எண்ணத்தைத் திருப்பியது. ஜெய்ப்பூர் கால் செய்யும் நிலையம். இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில், நகரத்தவர் பணத்தில், நட்புறவுச் சங்கம் ஒன்று தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையின் வேர். அந்தச் சங்கத்தின் வழியிலேயே 1987இல் செயற்கைக் கால் நிலையம் வந்தது.

வேலைத்தலத்தில் ஒரு தொழில்நுட்பவியலாளர் பொறுமையாக விளக்கினார். துண்டிக்கப்பட்ட காலுக்குப் பாரிஸ் சாந்தில் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சைக் கொண்டு கால் வடிவத்தை வார்த்து, அரத்தால் தேய்த்து, எலும்பு துருத்தும் இடங்களில் கொஞ்சம் கூட்டி, சதை தாங்கும் இடங்களில் கொஞ்சம் குறைக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் போர்த்துகிறார்கள். அடியில் ரப்பர்ப் பாதம். 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய முறை இது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், வயலில் இறங்கலாம், சப்பாணி கட்டி உட்காரலாம். பனையேறும் ஒருவர் இந்தக் காலோடு மறுபடி ஏறுகிறார் என்று அவர் சொன்னபோது குரலில் பெருமை தெரிந்தது.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கால் தேயும் பிள்ளை. சில வருடத்தில் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளை என்றால் இன்னும் விரைவில். யுத்தம் முடிந்தபோது எல்லாரும் கால் தந்தார்கள். இப்போது இரண்டாவது காலுக்கும் மூன்றாவது காலுக்கும்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.”

ஒரு பதின்ம வயதுப் பெண் புதிய காலை மாட்டிக்கொண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து பார்த்தாள். பழைய கால் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதன் ரப்பர்க் குதி தேய்ந்து உள்ளிருந்த மரம் தெரிந்தது. தாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் நாவற்குழி. கலாநிதி ஆறு திருமுருகன் தலைமையில் சிவபூமி அறக்கட்டளை அமைத்த திருவாசக அரண்மனையில் பாடல்கள் எல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அருகே அருங்காட்சியகம். கல்லும் கலையும் அழகுதான். ஆனால் அதே அறக்கட்டளை கோண்டாவிலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடசாலையும் சுதுமலையில் முதியோர் இல்லமும் நடத்துகிறது என்பதற்காகவே அவரை நான் அதிகம் மதிக்கிறேன். தங்கம்மா அம்மையாரைப் போலவே இவருக்கும் மேடைப் பேச்சே மூலதனம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு காலையும் வாகனம் போக வேண்டும், ஒவ்வொரு மாதமும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் வேண்டும். அதற்குத் திறப்பு விழா கிடையாது.

செவ்வாய்க்கிழமை, அம்மாவின் ஊர்

ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு, அதாவது ஊர் வாசிகசாலைக்குப் போனேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு ஊர்ச் சங்கம் ஒன்று புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்தது. நல்ல கட்டடம். பளிங்குத் தரை, பெயர்கள் பொறித்த கறுப்புக் கல். மின்கட்டணம் கட்ட ஆளில்லாமல் இணைப்பு ஒருமுறை துண்டிக்கப்பட்டிருக்கிறது. பத்திரிகைக் காசும் பாக்கி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஓய்வூதியத்தில் இரண்டு தினசரிகளை வாங்கி, காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்து, கூட்டி, மேசையில் விரித்து வைக்கிறார். பாடசாலைக்குப் போகும் வழியில் ஐந்தாறு பிள்ளைகள் நின்று விளையாட்டுப் பக்கத்தை வாசித்துவிட்டு ஓடினார்கள்.

ஏன் ஐயா இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். “நான் எஸ்.எஸ்.சி. படித்தது இந்த வாசிகசாலை விளக்கில்தான். வீட்டில் மண்ணெண்ணெய்க்கு வழியில்லை. அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டவர் ஆர் என்று எனக்குத் தெரியும். அவர் போய்விட்டார். அவருக்கு நான் எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?” என்றார்.

இரவு நண்பர்களோடு தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தேன். கட்டடம் வேண்டாம், நடப்புச் செலவுக்குக் கொடுப்போம் என்றேன். ஒரு பங்கு, ஜெய்ப்பூர் காலை மாற்ற வேண்டிய பிள்ளைகளுக்கு. மறு பங்கு, இந்த வாசிகசாலைக்குப் பத்திரிகை, மின்கட்டணம், திறந்து பூட்டும் ஒருவருக்குச் சிறு சம்பளம். கட்டடம் என்றால் கண்ணுக்குத் தெரியும், கால் தேய்ந்துவிடும், பத்திரிகை அடுத்த நாளே பழசாகிவிடும் என்று ஒருவர் வாதாடினார். தேய்கிறதால்தான் மறுபடியும் தேவைப்படுகிறது, அந்த மறுபடிக்குத்தான் ஆளில்லை என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இன்னொருவர் தன் அம்மாவின் பெயரில் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சுமைதாங்கிகளைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் திவசம் வரும் மாதத்துச் செலவு அவருடையது என்று எழுதிக்கொண்டோம்.

புதன்கிழமை, திரும்பும் நாள்

ரயில் ஏறுமுன் வாத்தியாரிடம் போய் விவரம் சொன்னேன். கணக்குப் புத்தகம் ஒன்று தொடங்குவதாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்புவதாகவும் சொன்னார். பிள்ளைகளுக்காக ஒரு ஆங்கிலத் தினசரியும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். நிபந்தனையாக அவர் வைத்தது ஒன்றே ஒன்று. பணத்தை வருடத்துக்கு மொத்தமாக அனுப்ப வேண்டாம், மாதாமாதம் அனுப்புங்கள். மொத்தமாக வந்தால் மதில் கட்டச் சொல்லிக் கேட்க ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றார்.